கடற்கரையில பனி பெய்யும்போது அலைய படம் எடுக்கணும், கார்ன்வால் போறேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பொழியூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு பொழியூர், பாறசாலையில இருந்து கடலப் பாத்து இறங்குனா வரும், கேரளாவோட கடைசி கடற்கரை, எங்க வீட்டுல இருந்து மணல்லயே தெக்க நடந்தா கொஞ்ச நேரத்துல நீரோடி வந்துடும், அது தமிழ்நாடு. களியக்காவிளையில ஒரு ஸ்டுடியோவில கல்யாண வேலை பாக்கிறேன். லீவு கிடைச்சா அலை எடுக்கப் போயிடுவேன், பூவாறு பொழிமுகம், விழிஞ்ஞம், வர்க்கலைன்னு பத்து வருஷமா அலைதான் எடுக்கிறேன்.

விஷயம் என்னன்னா எங்க அக்கா இங்கிலாந்துல கார்ன்வால்ல நர்ஸா இருக்கா, ட்ரூரோ பக்கம். ஜனவரி நடுவுல அம்மாவக் கூட்டிக்கிட்டு மூணு வாரம் அங்க போறேன். அவ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா வீட்டுல ஒரு படம் மாட்டியிருக்காங்களாம், 2018ல எடுத்தது, பீச்சு முழுக்க வெள்ளையா பனி கெடக்கு, அதுக்குப் பின்னால பச்சையா ஒரு அலை எழும்பி நிக்குது. அக்கா அத ஃபோன்ல படம் பிடிச்சு அனுப்பினா. நான் அத எத்தனை தடவ பெருசாக்கிப் பாத்தேன்னு கணக்கே இல்ல. மணல்ல பனி, அது முடியிற இடத்துல நுரை, எங்க பனி முடியுது எங்க நுரை தொடங்குதுன்னே தெரியல. அந்த மாதிரி ஒண்ணு எடுக்கணும்னு மனசுல உக்காந்துடுச்சு.

என்கிட்ட இருக்கிறது பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா பாடி, 18-55, 70-300 ரெண்டு லென்ஸ், ஒரு சாதா ட்ரைபாட். தண்ணி தாங்குற லென்ஸ் ஒண்ணும் இல்ல. நான் வாழ்க்கையில பனியப் பாத்ததே இல்ல. மூணு வாரத்துல பனி பெய்ய வாய்ப்பு இருக்கா, பெஞ்சா எக்ஸ்போஷர் எப்படி வைக்கிறது, ஷட்டர் எவ்வளவு, கேமராவ எப்படிக் காப்பாத்துறது, எந்தக் கரையில நிக்கிறது, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை கேமரா:

தம்பி, நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைங்க. 2018ல அந்தப் பனி பெய்யறப்ப நான் ஃபால்மவுத் பக்கம் படிச்சிட்டு இருந்தேன், அதனால கண்ணால பாத்தத சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, பனி வரும்னு நம்பி டிக்கெட் போடாதீங்க. கார்ன்வால் மூணு பக்கமும் கடல், குளிர்காலத்துலயும் கடல்தண்ணி பத்து டிகிரிகிட்ட இருக்கும், அந்தச் சூட்டுல கரையோரத்துல பனி நிக்காது, பெரும்பாலும் மழைதான், சில நாள் ஆலங்கட்டி. 2018ல என்ன ஆச்சுன்னா பிப்ரவரி கடைசியில சைபீரியா பக்கத்துக் குளிர்காத்து கிழக்க இருந்து ஐரோப்பா முழுக்கத் தாண்டி வந்துச்சு, அதோட தெக்க இருந்து எம்மான்னு ஒரு புயல் வந்து மோதுச்சு. மார்ச் 1ஆம் தேதி தென்மேற்கு இங்கிலாந்துல சில பகுதிக்கு சிவப்பு எச்சரிக்கையே குடுத்தாங்க. பஸ் நின்னுபோச்சு, கடையில ரொட்டி காலி. ரெண்டு மூணு நாள்ல எல்லாம் உருகி ஓடிடுச்சு. அந்த மாதிரி அடிக்கடி நடக்கிறதில்லைங்க.

இப்ப நான் செஞ்ச தப்பச் சொல்றேன், அதுல இருந்துதான் உங்களுக்கு முக்கியமான விஷயம் கிடைக்கும். பனியப் பாத்த சந்தோஷத்துல ஃபால்மவுத் பீச்சுக்கே ஓடினேன், பக்கத்துல இருக்கேன்னு. அது தென்கிழக்கப் பாத்த கரை. காத்து கிழக்க இருந்து. அப்படீன்னா காத்து, பனி, அலையோட சாரல் மூணும் நேரா என் மூஞ்சிலயும் லென்ஸ்லயும்தான் அடிச்சது. ஒரு ஷாட் எடுப்பேன், துடைப்பேன், துடைச்ச துணியே உப்பாயிடுச்சு, லென்ஸ் மேல எண்ணெ தடவின மாதிரி ஒரு படலம். 400 ஷாட் எடுத்து வீட்டுல வந்து பாத்தா உருப்படியா 12 தேறுச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது ஆறல.

அதே நாள் வடக்குக் கரையில, நியூகீ, பெரன்போர்த் பக்கம், எல்லாம் மேற்கப் பாத்த பீச்சு. அங்க கிழக்குக் காத்துன்னா அது தரையில இருந்து கடலுக்கு வீசற காத்து. உங்க ஊர்ல விடியக்காலம் அலை எப்படி கண்ணாடி மாதிரி நிமிந்து நிக்கும், அதேதான், அலையோட தலையில இருந்து சாரல் பின்னால பறக்கும், குதிரைப் பிடரி மாதிரி. நீங்க கடலப் பாத்து நின்னா காத்து உங்க முதுகுல, பனி உங்க தோளத் தாண்டி கடலப் பாத்துப் போகும், லென்ஸ்ல ஒண்ணும் விழாது. ட்ரூரோவில இருந்து பெரன்போர்த் அரை மணி நேரந்தான். கிழக்குக் காத்தோட பனி வருதுன்னு வானிலை அறிக்கை சொன்னா கண்ண மூடிக்கிட்டு வடக்குக் கரைக்குப் போங்க, முடிஞ்சா முதநாள் சாயங்காலமே போய் அங்கயே தங்கிடுங்க, ஏன்னா பனி விழுந்த பின்னால அந்த ஊர் சந்து ரோட்டுல வண்டி ஏறாது. ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வேலிவரப்பு, எதுக்க ஒரு வண்டி வந்தா ஒதுங்க எடம் இருக்காதுங்க.

வடமேற்குக் காத்துல வர்ற பனி வேற ஜாதி, அது கடல்மேல இருந்தே மூட்டம் மூட்டமா வரும், பத்து நிமிஷம் கொட்டிட்டு வெயில் அடிக்கும். அப்ப உங்க லென்ஸ் நனையத்தான் செய்யும், ஆனா மூட்டம் கடந்து போறப்ப கிடைக்கிற வெளிச்சம் இருக்கே, பின்னால கருநீல மேகம், முன்னால வெயில்பட்ட அலை, அதுக்காக நனையலாம்.

சூளூர்பேட்டை ஸ்டுடியோ:

வணக்கம் பிரதர். நான் ஆந்திரா சைடு, சூளூர்பேட்டை, பழவேற்காடு ஏரியில பறவை எடுக்கிறவன். பனி நானும் எடுத்ததில்ல. ஆனா மார்கழி காலையில மூடுபனிக்குள்ள பூநாரை எடுக்கிறது வெள்ளைக்குள்ள வெள்ளை எடுக்கிற வேலைதான், அதனால எக்ஸ்போஷர் பத்தி எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேமராவோட மீட்டருக்கு எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பல் கலராதான் ஆக்கத் தெரியும். ஃப்ரேம் முழுக்க வெள்ளையா இருந்தா அது பயந்துபோய் எக்ஸ்போஷரக் கொறச்சிடும், பனி எல்லாம் சிமெண்ட் கலர்ல வரும். அதுக்கு நீங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல பிளஸ் ஒண்ணு ஏத்தணும், வெயில் அடிச்சு ஃப்ரேம் முக்காவாசி பனியா இருந்தா ஒண்ணரை, சில சமயம் ரெண்டு வரைக்கும். ஆனா அலை ஃப்ரேமுக்குள்ள வந்தா கதை மாறிடும், ஏன்னா கடல் கருப்பா இருக்கும், நுரை மட்டும் சுள்ளுனு வெள்ளையா இருக்கும், மீட்டர் அலை வர்றப்ப ஒரு மாதிரி போனப்புறம் ஒரு மாதிரி ஆடும். அதனால மேனுவல்ல போட்டுடுங்க. ஒரு பெரிய அலை உடையறப்ப நுரையோட ரொம்ப வெள்ளையான இடம் ஹிஸ்டோகிராம்ல, அதாவது கேமரா காட்டுற வெளிச்ச வரைபடத்துல, வலது ஓரத்தத் தொடாம கொஞ்சம் உள்ள நிக்கிற மாதிரி வெச்சிட்டு, வெளிச்சம் மார்ற வரைக்கும் அதத் தொடாதீங்க. ரா ஃபைல்ல எடுங்க, ஜேபெக் மட்டும் நம்பாதீங்க.

அப்புறம் ஷட்டர். விழுற பனி புள்ளி புள்ளியா தெரியணும்னா 1/500க்கு மேல, கோடு கோடா தெரியணும்னா 1/60, 1/30 மாதிரி. அலை நறுக்குனு நிக்கணும்னா 1/1000. பனிமூட்டத்துக்குள்ள காலையில வெளிச்சம் கம்மியா இருக்கும், உங்க 70-300ல எஃப் 5.6 வெச்சா ஐஎஸ்ஓ 1600, 3200 போகும், போகட்டும், கிரெய்ன் வந்தாலும் பனியோட சேந்து தெரியாது.

இன்னொண்ணு, இது நிறைய பேர் யோசிக்கிறதில்ல. விழுற பனி வெள்ளை வானத்துக்கு முன்னாடி தெரியவே தெரியாது. மூடுபனியில வெள்ளை நாரை எனக்கு எப்ப தெரியும்னா அதுக்குப் பின்னால கருவேலம் புதர் இருக்கிறப்பதான். அதே மாதிரி உங்களுக்குப் பின்னால கருப்பா ஒண்ணு வேணும், பாறைச்சுவர், இல்லேன்னா எழும்பி நிக்கிற அலையோட கரும்பச்சை முகம். வானத்த முடிஞ்ச அளவு வெட்டிடுங்க. ஆட்டோஃபோகஸ் முன்னால விழுற பனியப் புடிச்சிக்கும், அதனால அலை உடையற தூரத்துல ஒரு பாறைய ஃபோகஸ் பண்ணி மேனுவலுக்கு மாத்திட்டு விட்டுடுங்க.

ஒயிட் பேலன்ஸ் டேலைட்ல வைங்க. நிழல்ல பனி நீலமா வரும், அது தப்பில்ல, குளிர் அதுலதான் தெரியுது, எல்லாத்தையும் வெள்ளையா ஆக்கிட்டா காயப்போட்ட வேட்டி மாதிரி ஆயிடும்.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல வளைகுடாக் கரையில இருக்கார், 2025 ஜனவரி 21 அன்னிக்கு நியூ ஆர்லியன்ஸ்ல 8 இன்ச் பனி கொட்டுச்சே, அந்தக் கரைக்கே மொத தடவையா பனிப்புயல் எச்சரிக்கை குடுத்த நாள், அன்னிக்கு அவர் ஃப்ளோரிடா பக்கத்து பீச்சுல எடுத்து அனுப்பினார். பாத்தா எது மணல் எது பனின்னே புரியல. அங்க மணலே சர்க்கரை மாதிரி வெள்ளை. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது, கார்ன்வால் மணல் ஈரமானா நல்ல பழுப்பா இருக்கும்னு நெனைக்கிறேன், கொழிஞ்சாம்பாறை சார்தான் சொல்லணும்.

செண்டுவாரை எஸ்டேட்:

தம்பி, நான் மூணாறு பக்கம் எஸ்டேட்டுல பொறந்து வளந்தவ, இப்பவும் இங்கதான். எங்களுக்குப் பனிப்பொழிவு கிடையாது, உறைபனிதான். ஜனவரியில வானம் தெளிஞ்சு காத்தே இல்லாத ராத்திரி வந்துச்சுன்னா மைனசுக்குப் போயிடும், காலையில பாத்தா புல்லு மேல, ஸ்கூட்டர் சீட்டு மேல எல்லாம் உப்பு தூவின மாதிரி கெடக்கும். ஊர்ல இருந்து வர்றவங்க குதிச்சு ஆடுவாங்க. வெயில் ஏறி ரெண்டு நாள்ல தேயிலைக் கொழுந்து எல்லாம் கருகி, கையில எடுத்து கசக்குனா பொடியா உதிரும், பீடி எலை மாதிரி. அந்தக் கொழுந்த நம்பி இருக்கிறவங்களுக்கு அது வயித்துல அடிச்ச மாதிரி. நான் ரெண்டையும் எடுத்து வெச்சிருக்கேன், பனிய மட்டும் எடுத்தா எனக்கு மனசு ஒப்பல.

சரி, கேமராவுக்கு வர்றேன். நீங்க கடற்கரையில பழகினவரு, ஏசி கார்ல இருந்து இறங்குன ஒடனே லென்ஸ் மூடிக்கிடும்ல, அது உங்களுக்குத் தெரியும். அங்க அது தலைகீழா நடக்கும், வெளிய இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்ட ரூமுக்குள்ள கொண்டுவந்தீங்கன்னா அப்பதான் குளிந்துபோன கேமரா மேலயும் உள்ளயும் தண்ணி கோக்கும். அதுக்கு நான் செய்யிறது, வெளிய இருக்கும்போதே மெமரி கார்ட கழட்டி பைக்குள்ள வெச்சிருவேன், கேமராவ ஒரு கெட்டியான பாலித்தீன் கவர்ல போட்டு காத்த வெளியேத்தி வாய இறுக்கிக் கட்டிருவேன், ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் உள்ள. அப்படியே வீட்டுக்குள்ள ஒரு மூலையில ரெண்டு மூணு மணி நேரம் வெச்சிட்டு வேற சோலி பாக்கணும். தண்ணி கவர் மேல கோக்கும், கேமரா மேல கோக்காது. அவசரப்பட்டு தொறந்தீங்கன்னா ஆச்சு. எங்க வீட்டுக்கு வந்த ஒரு பையன் சொல்லச்சொல்லக் கேக்காம அடுப்படியில தொறந்தான், அவன் லென்ஸுக்குள்ள பூஞ்சை வந்துடுச்சுன்னு பொறவு ஃபோன் பண்ணி அழுதான்.

பேட்டரி குளிர்ல சீக்கிரம் படுத்துக்கும், செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க. சட்டைக்கு உள்ள ஒடம்போட ஒட்டி ஒரு ஸ்பேர் வைங்க, மாத்தி மாத்திப் போட்டா மறுபடி உசுரு வரும். கைக்கு மெல்லிசா ஒரு கம்பளி கிளவுஸ், அதுக்கு மேல பெருசா ஒண்ணு, வலது கையில ஆள்காட்டி விரல் நுனிய வெட்டிக்கிடுங்க. விரல் மரத்துப்போச்சுன்னா நீங்க பட்டன அமுக்கினீங்களா இல்லையான்னே தெரியாது. காலுக்கு ரெண்டு சோடி உறை, ஈரமான ஒடனே மாத்திருங்க. அம்மாவ முதநாளே காலங்காத்தால கூட்டிக்கிட்டுப் போகாதீங்க, ரெண்டு நாள் பழகட்டும்.

பொழியூர்க்காரன்:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. அக்கா, நீங்க சொன்ன கவர் விஷயம் நான் கேள்விப்பட்டதே இல்ல, சத்தியமா நேரா ஹீட்டர் பக்கத்துலதான் கொண்டு வெச்சிருப்பேன்.

சூளூர்பேட்டை அண்ணன் எழுதினத படிச்சதும் ஒரு யோசனை வந்துச்சு. பனி இல்லைன்னா என்ன, நுரை இருக்குல்ல, கறுப்பு மணல் இருக்குல்ல. நேத்து பைக் எடுத்துக்கிட்டு மணவாளக்குறிச்சி போனேன், அங்க தாதுமணல், கரியத் தூவின மாதிரி கெடக்கும். அலை வாங்கினப்புறம் நுரை ஒரு பாய் மாதிரி விரிஞ்சு ரெண்டு மூணு செகண்டு நிக்குமே, அதப் பனின்னு நெனச்சுக்கிட்டு எடுத்துப் பழகினேன். ஆட்டோ மோடுல எடுத்தது எல்லாம் சாம்பலாயிடுச்சு, இல்லேன்னா நுரை வெந்துபோச்சு. மேனுவல்ல நுரைக்கு வெச்சு எடுத்ததுல குமிழி குமிழியா தெரியுது, ஒவ்வொரு குமிழிக்குள்ளயும் வானம் தெரியுது. பத்து வருஷமா அலை எடுக்கிறேன், நுரைய இவ்வளவு கிட்டத்துல இப்பதான் பாத்தேன்.

இன்னொரு சந்தேகம். அந்த 2018 படத்துல பனியும் நுரையும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா நெட்டுல பாக்கிற மத்த படங்கள்ல பனிக்கும் கடலுக்கும் நடுவுல அகலமா ஈரமணல் கெடக்கு. அது ஏன்?

கொழிஞ்சாம்பாறை கேமரா:

சூளூர்பேட்டை சொன்னது சரிதாங்க, காஞ்சா வெளிர் மஞ்சள், ஈரமானா பழுப்பு. உங்க கேள்விக்குப் பதில் ஓதம், அதாவது கடல்தண்ணி ஏறி எறங்குறது. கடல்தண்ணி பட்ட மணல்ல பனி நிக்காது, உப்பும் இருக்கு சூடும் இருக்கு, விழுந்த ஒடனே கரைஞ்சிடும். கடைசியா தண்ணி எந்தக் கோடு வரைக்கும் ஏறுச்சோ அதுக்கு மேலதான் பனி கெடக்கும், கத்தியில வெட்டின மாதிரி ஒரு கோடு. தண்ணி எறங்கிடுச்சுன்னா நடுவுல ஈரமணல்தான். அந்த வடக்குக் கரையில அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் வித்தியாசம் 7 மீட்டர் வரைக்கும் போகும்ங்க, விழிஞ்ஞத்துல ஒரு மீட்டர்கூட கிடையாது. தண்ணி எறங்கினா கடல் எங்கயோ நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும். ஆக உங்களுக்கு வேண்டிய படம் ஹை டைட்ல மட்டுந்தான் கிடைக்கும், தண்ணி பனிய வந்து தொடற அந்தக் கொஞ்ச நேரம்.

தோராயமா சொல்றேன், நியூகீ பக்கம் அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஹை டைட் விடியறதுக்கு முன்னாலயும் சாயங்காலம் இருட்டற சமயத்துலயும் வரும், ஜனவரியில சூரியன் எட்டே காலுக்குத்தான் வரும், நாலரைக்கே போயிடும், அதனால பிரயோஜனம் இல்ல. அதுக்கு அஞ்சாறு நாள் கழிச்சு ஹை டைட் காலையில எட்டு ஒம்பதுக்குத் தள்ளி வந்துடும், அதுதான் உங்களுக்கு. டைட் டேபிள்ல பாத்து உறுதி பண்ணிக்கோங்க, அட்மிரால்டி ஈஸிடைட்ங்கிற வெப்சைட்ல ஏழு நாளைக்கு இலவசமாவே காட்டும். வெயிலப் பத்திக் கவலை வேண்டாம், அங்க ஜனவரி உச்சி வெயிலே 17ல இருந்து 22 டிகிரி உசரத்துலதான் நிக்கும், நம்ம ஊர்ல அஞ்சு மணி வெயில் மாதிரி நாள் முழுக்க.

வள்ளவிளை:

மக்களே, எல்லாம் படிச்சேன். நான் வள்ளவிளை, உனக்குப் பக்கத்து ஊருதான், முப்பது வருசம் ஆழ்கடல் போனவன், இப்ப கரையில. கேமராவப் பத்தி எனக்குத் தெரியாது ஆனா நீ எங்க நிக்கப்போறேங்கிறதப் பத்தி எல்லாரும் கொஞ்சமாத்தான் சொல்லியிருக்காங்க அதனால எழுதுறேன்.

நம்ம கடல் பழகினவன்கிற தைரியத்துல போகாதே. நம்ம கரையில தண்ணி ஏறி எறங்குறது முழங்கால் உயரம், நீ பொறந்ததுல இருந்து அதத்தான் பாத்திருக்கே, ஒரு பாறையில ஏறி நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கலாம்னு உன் காலுக்குப் பழகிப்போச்சு. அங்க ஏழு மீட்டர்னு இந்தத் தம்பி சொல்லுதாரு, அது ரெண்டு மாடி உயரம் மக்களே, ஆறு மணி நேரத்துல ரெண்டு மாடி. நீ லென்ஸ்க்குள்ள கண்ண வெச்சிட்டு நிக்கும்போது உனக்குப் பின்னால தண்ணி சுத்தி வந்துடும். பாறை மூக்கச் சுத்தி அடுத்த பீச்சுக்கு நடந்து போகவே போகாதே, போன வழி திரும்ப வரும்போது இருக்காது.

ரெண்டாவது அலை. நம்ம ஊர்ல கள்ளக்கடல்னு சொல்லுவோம்ல, காத்து இருக்காது மழை இருக்காது வெயில் அடிக்கும், திடீர்னு கடல் வீட்டுக்குள்ள வரும், அது எங்கயோ தெக்க அண்டார்டிகா பக்கத்துல அடிச்ச காத்து எழுப்பின அலை பல ஆயிரம் கிலோமீட்டர் நடந்து வந்து நம்ம கரையில ஏறுறது. நம்ம ஆளுங்க வெச்ச அந்தப் பேரத்தான் 2012ல யுனெஸ்கோவே ஏத்துக்கிட்டாங்க. 2024 மே மாசம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் பீச்சுல டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைங்க கடல்ல போச்சே, அன்னைக்கும் ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸோட எச்சரிக்கை வந்திருந்தது. கார்ன்வாலுக்கு அட்லாண்டிக்ல இருந்து வர்றதும் அதே மாதிரி தூரத்து அலைதான், ரெண்டு அலைக்கு நடுவுல நேரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு கனம் அதுக்குள்ள இருக்கும். அது வரிசையா வராது, பத்து நிமிசம் பதினஞ்சு நிமிசம் சும்மா கெடக்கும், பொறவு பெருசா நாலஞ்சு சேந்து வரும். கட்டுமரம் தள்ளுற காலத்துல எங்க அப்பா கரையில குத்தவெச்சு அதத்தான் எண்ணிக்கிட்டு இருப்பாரு, பெருசு நாலும் போகட்டும்னு.

நீ செய்யவேண்டியது என்னன்னா போன ஒடனே கேமராவ வெளிய எடுக்காதே. மேல மேட்டுல நின்னு அரை மணி நேரம் சும்மா பாரு. பாறையில ஈரம் எது வரைக்கும் இருக்குன்னு பாரு, ஈரக்கோடு எங்க இருக்கோ அங்க வரைக்கும் கடல் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வந்திருக்குன்னு அர்த்தம், அதுக்குக் கீழ நிக்கக்கூடாது, தண்ணி ஏறுற நேரமா இருந்தா அந்தக் கோட்டுக்கு இன்னும் நல்லா மேல. பனி பெஞ்சா ஈரக்கோடு கண்ணுக்குத் தெரியிறது கஷ்டம், பாறை எல்லாமே நனைஞ்சிருக்கும், அப்ப பனி எங்க நிக்குது எங்க நிக்கலன்னு பாரு, பனி நிக்காத பாறை கடலோட பாறை. அந்தத் தண்ணியில விழுந்தா மொதல்ல மூச்சு திணறும், சில நிமிசத்துலயே கை கால் வெளங்காம போயிடும், நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. குளிர்காலத்துல அங்க பெரும்பாலான கரையில லைஃப்கார்டு இருக்கமாட்டாங்கன்னு அங்க இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க சொல்லுவாங்க. ஏதாவது ஆச்சுன்னா 999 அடிச்சு கோஸ்ட்கார்டுன்னு கேக்கணும். தனியாப் போகாதே, அம்மாவ மேட்டுல உக்கார வை, அவங்க கண்ணுல படுற இடத்துல நில்லு.

பொழியூர்க்காரன்:

அண்ணாச்சி, நீங்க எழுதினத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க "வள்ளவிளைக்காரருக்குக் கடலத் தெரியும், அவரு சொல்லுறத அப்படியே கேளு"ன்னு சொல்லிட்டாங்க. கேக்கிறேன். 17ஆம் தேதி கிளம்புறோம். வந்து எழுதுறேன்.

பொழியூர்க்காரன்:

திரும்பி வந்தாச்சு. மூணு வாரத்துல பதினாலு நாள் மழை. உண்மையான பனி, பஞ்சு மாதிரி விழுறது, ஒரு நாள்கூட இல்ல. அத மொதல்ல சொல்லிடுறேன்.

ஆனா கடைசி வாரம் ஒரு நாள் வடமேற்குக் காத்து, கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்ன மாதிரியே மூட்டம் மூட்டமா வந்துச்சு. பெரன்போர்த்ல காலையில ஒம்பது மணி, ஹை டைட்டுக்கு அரை மணி முன்னால. மேட்டுல நின்னு அலைய எண்ணிக்கிட்டு இருந்தோம், அம்மாவும் சேந்து எண்ணினாங்க, அவங்களுக்கு என்னைவிட வேகமா புரிஞ்சுது எது பெருசு வர்றதுன்னு. அப்ப ஒரு மூட்டம் வந்து கொட்டுச்சு, பனியும் இல்ல ஆலங்கட்டியும் இல்ல, ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா சின்ன உருண்டை, கையில எடுத்து அமுக்கினா நெறுநெறுன்னு உடையுது. அஞ்சு நிமிஷத்துல மணல் மேல ஒரு படலம் கட்டிடுச்சு. நான் கீழ ஓடினேன், கேமரா மேல ஷவர் கேப் மாட்டி, 18-55 போட்டு. தண்ணி ஏறி ஏறி அந்த வெள்ளைய நக்கிக்கிட்டுப் போகுது, நுரை பட்ட இடம் உருண்டை எல்லாம் ஒரு நொடி மிதந்து, நுரையோட சேந்து உருண்டு, கரைஞ்சு காணாமப் போகுது. மொத்தம் இருபது நிமிஷந்தான். மூட்டம் கடந்து வெயில் வந்ததும் பின்னால கருநீல வானம், முன்னால ஒரு அலை எழும்பி உள்ள பச்சையா வெளிச்சம் ஏறி நின்னுச்சு. அம்மா மேட்டுல இருந்து "மதி, ஏறி வா"ன்னு கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு, ஆனா நான் இன்னும் ரெண்டு ஷாட் எடுத்துட்டுத்தான் ஏறினேன்.

மேனுவல், 1/1000, எஃப் 8, ஐஎஸ்ஓ 800. வீட்டுக்கு வந்து கவருக்குள்ள மூணு மணி நேரம், தொறந்து பாத்தா ஒரு சொட்டு இல்ல, செண்டுவாரை அக்காவுக்கு நன்றி. ட்ரைபாட ரெண்டு தடவ நல்ல தண்ணியில கழுவியும் ஒரு கால்ல உப்பு ஏறி இறுகிப்போச்சு, அது என் கவனக்குறைவுதான். படம் கீழ போட்டிருக்கேன், ஆறு இருக்கு, நாலாவதுதான் நான் நெனச்ச படத்துக்குக் கிட்ட வந்தது.

சூளூர்பேட்டை ஸ்டுடியோ:

நாலாவது பிரமாதம் பிரதர். உருண்டைக்குப் பக்கத்துல குமிழி, ரெண்டும் ஒரே அளவு, உத்துப் பாத்தாதான் எது எதுன்னு தெரியுது. மேல வானத்த இன்னும் ஒரு விரல் அளவு வெட்டிப் பாருங்க. பிரிண்ட் போடறப்ப மேட் பேப்பர்ல போடுங்க, பளபளப்பான கிளாஸி பேப்பர்ல அந்த வெள்ளை போயிடும்.

செண்டுவாரை எஸ்டேட்:

அம்மா அந்த உருண்டைய கையில வெச்சிருக்கிற அந்த ரெண்டாவது படம்தான் எனக்கு. ரேகை எல்லாம் தெரியுது. அத அவங்களுக்கு பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க தம்பி.

வள்ளவிளை:

படம் நல்லா இருக்கு மக்களே. நாலாவதப் பெருசாக்கிப் பாத்தேன். இடது ஓரத்துல ஒரு பாறை இருக்கு பாரு, மேல வெள்ளை கெடக்கு, கீழ பனி நிக்காம கறுப்பா இருக்கு. அந்தக் கோடும் நீ கேமரா வெச்சிருக்கிற மட்டமும் பாத்தா கோடு உன் இடுப்புக்கு மேல வருது. அம்மா கூப்பிட்டது அதப் பாத்துட்டுத்தான். அடுத்த தடவ கூப்பிட்டா ஒடனே ஏறு.